ரக்பியில் கழுத்து முறிந்தவர்களுக்கு அறக்கட்டளைகள் செய்வது என்ன?

ரக்பி ஆட்டத்தில் கடுமையாகக் காயமுற்றவர்களுக்கென்று தனி அறக்கட்டளைகள் எதற்கு, அரசு மருத்துவமும் காப்பீடும் உள்ள நாடுகளில்கூட அவற்றுக்கு என்ன வேலை, நன்கொடை கொடுக்க நினைப்பவர் எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே செய்திதான். ஓர் இளைஞன் களத்தில் கழுத்து முறிந்து விழுந்த வாரத்தில் பணத்துக்குப் பஞ்சம் இருக்காது. அவனுடைய கிளப் திரட்டும், எதிரணி திரட்டும், முன்பின் அறியாதவர்களும் அனுப்புவார்கள். பத்தாவது ஆண்டில் மின் சக்கர நாற்காலியின் மோட்டார் பழுதாகும்போது அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துபோயிருப்பார்கள். அந்தப் பத்தாவது ஆண்டுக்காகவும் அதற்குப் பின் வரும் முப்பது ஆண்டுகளுக்காகவும்தான் இந்த அமைப்புகள் தோன்றின.

எந்தக் காயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். முழங்கால் தசைநார் அறுவதும் தோள்மூட்டு நழுவுவதும் ரக்பியில் வாரந்தோறும் நடப்பவை. அவற்றுக்கு அறுவை சிகிச்சையும் சில மாத ஓய்வும் போதும். இந்த அறக்கட்டளைகள் கடுமையான காயம் என்று கொள்வது பெரும்பாலும் நிரந்தரச் செயலிழப்பை விட்டுச்செல்லும் தண்டுவடக் காயத்தையோ மூளைக் காயத்தையோதான். ஸ்க்ரம் என்பது இரு அணியிலிருந்தும் எட்டெட்டுப் பேர் குனிந்து, முன்வரிசையினர் தலைகளைக் கோத்து நிற்க, ஒருவரையொருவர் எதிர்த்துத் தள்ளும் அமைப்பு. முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கரின் இரண்டு கைகளும் இருபுறத்து ப்ராப் வீரர்களைச் சுற்றியிருப்பதால், ஸ்க்ரம் சரியும்போது கையை ஊன்றித் தலையைக் காத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. தலை மண்ணில் குத்தி நின்றுவிட, பின்னாலிருந்து வரும் தள்ளல் நிற்காவிட்டால், கழுத்து அளவுக்கு மீறி மடங்கி, ஒரு முள்ளெலும்பு அடுத்ததன் மேல் நழுவிப் பூட்டிக்கொள்கிறது; இடையில் நசுங்குவது தண்டுவடம். பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில் தலை குப்புற விழுபவருக்கும் இதே கதி நேரலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய பேரிழப்புக் காயங்கள் ஆண்டுக்கு 100,000 வீரர்களில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 0.8 என்றும் நியூசிலாந்தில் 4.2 என்றும் கணக்கிட்டது. எண்ணிக்கை சிறியது என்பதே இதற்கென்று தனி ஏற்பாடு தேவைப்படுவதற்கும் காரணம். பத்தாயிரக்கணக்கானோர் ஆடுகிறார்கள், மிகச் சிலர் மட்டுமே முழு விலையையும் கொடுக்கிறார்கள். அந்த விலையை ஆடுபவர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்வதுதான் முறை என்ற எண்ணம் இந்த அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

செலவு எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்த மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. கழுத்தின் மட்டங்களை மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள். நான்காம் மட்டத்துக்கு மேல் முழுமையாக அடிபட்டால் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்புகள் செயலிழப்பதால், மூச்சுவிடவே வென்டிலேட்டர் தேவைப்படும். ஐந்தாம் மட்டம் வரை செயல்பட்டால் முழங்கையை மடக்க முடியும், மணிக்கட்டைத் தூக்க முடியாது. ஆறாம் மட்டமும் தப்பியிருந்தால் மணிக்கட்டு எழும். அது எழும்போது செயலிழந்த விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கும். அந்த மடிப்பை வைத்து ஒரு கோப்பையை, ஒரு பல்துலக்கியை இடுக்கிப் பிடிக்கப் பயிற்சி தருகிறார்கள். இதற்காகவே விரல் தசைநாண்களை முழுதாக நீட்டித் தளர்த்திவிடாமல், சற்று இறுக்கமாகவே இருக்கவிடுவார்கள் என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கும். ஏழாம் மட்டமும் இருந்தால் முழங்கையை நீட்டும் தசைக்கு வலு உண்டு. பலர் கையூன்றித் தாமே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொள்கிறார்கள், கைக்கட்டுப்பாடு பொருத்திய வண்டியையும் ஓட்டுகிறார்கள். ஓரிரு எலும்பின் வேறுபாட்டில் ஒருவருக்கு இரவு பகலாக உடனிருக்கும் பராமரிப்பாளரும் இன்னொருவருக்குச் சரிவுப்பாதை ஒன்றும் தேவைப்படுகின்றன. ஆகவே, "காயமுற்றவருக்கு இவ்வளவு" என்று ஒரே தொகையை நிர்ணயித்து வழங்கும் அமைப்பைக் காட்டிலும், ஆளை அனுப்பி வீட்டையும் உடலையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் அமைப்பே மேலானது என்பது என் கருத்து.

அவ்வாறு பார்க்கப் போகிறவர் கவனிப்பவை பெரும்பாலும் செய்தித்தாளில் வராதவை. குளியலறைக் கதவின் அகலம் நாற்காலிக்குப் போதுமா. படுக்கையிலிருந்து தூக்கி மாற்றும் ஹாய்ஸ்ட் கருவியின் தண்டவாளத்தை அந்தக் கூரை தாங்குமா. வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால் மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரத்துக்கு மாற்று உண்டு. தோல் சிவந்து படுக்கைப் புண்ணாக மாறாமல் காக்கும் மெத்தை இருக்கிறதா. உடல்நிலை சார்ந்த ஒன்றை மட்டும் சற்று விளக்குகிறேன். மார்பின் ஆறாம் மட்டத்துக்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்றொரு ஆபத்து உண்டு. சிறுநீர் வடியும் கதீட்டர் குழாய் எங்கோ மடங்கி அடைத்துக்கொண்டால், நிரம்பிய சிறுநீர்ப்பையின் வலி மூளைக்கு எட்டாது. ஆனால் கீழுடல் அதற்கு எதிர்வினை காட்டி இரத்த அழுத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை. குழாயின் மடிப்பை நீக்கினால் சில நிமிடங்களில் தணியும். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை போகலாம். இதை அறியாத ஒரு புதுப் பராமரிப்பாளரிடம் ஒருவரை ஒப்படைத்துவிட்டு வீட்டார் வெளியே செல்ல முடியாது. ஒரு தாயும் தந்தையும் ஆண்டுக்கு ஒரு வாரம் ஓய்வெடுக்க, பயிற்சி பெற்ற மாற்று ஆளுக்குப் பணம் தருவது நல்ல அறக்கட்டளைகளின் கணக்கில் இடம்பெறும் செலவுதான். நன்கொடையாளரைக் கவரும் செலவு அதுவாக இருக்காது என்பது வேறு விஷயம்.

இந்த அமைப்புகளின் வரலாற்றைப் பார்த்தால் பணத்தைப் பற்றிய கேள்வி இன்னும் தெளிவாகும். ரக்பியின் இரு வடிவங்களில் ஒன்றான ரக்பி யூனியன் 1995 ஆகஸ்ட் வரை அமெச்சூர் ஆட்டமாகவே இருந்தது. ஊதியம் இல்லை, ஆகவே வேலை கொடுத்தவர் என்று எவரும் இல்லை, வேலையில் அடிபட்டதற்கான இழப்பீடும் இல்லை. வேல்ஸில் காயமுற்ற வீரர்களுக்கான அறநிதி 1972இலேயே தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 1980இல் வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் அணியின் ஃபுல்பேக் க்ரிஸ் பர்கர், புளூம்ஃபோன்டைனில் நடந்த ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு இறந்தார். அணித்தலைவராக இருந்த மோர்னே டுப்ளெஸ்ஸி முன்னின்று அவர் பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார், அது இன்றளவும் செயல்படுகிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிரான்சிலும் இவ்வாறே தனித்தனி நிதிகள் உருவாயின. பிரான்சில் உள்ளது, அந்நாட்டு ரக்பி கூட்டமைப்பின் தலைவராக நீண்ட காலம் இருந்த ஆல்பர்ட் ஃபெராஸின் பெயரைத் தாங்கியது. இங்கிலாந்தில் அந்நாட்டு ரக்பியை ஆளும் அமைப்பான ஆர்.எஃப்.யு.வின் இஞ்சர்ட் பிளேயர்ஸ் ஃபவுண்டேஷன் 2008இல் இப்போதைய வடிவத்தைப் பெற்றது. மற்றொரு வடிவமான ரக்பி லீகிலும் தனி நல நிதிகள் உண்டு.

அப்படியானால் காப்பீடும் சட்டமும் எங்கே போயின என்று கேட்பீர்கள். காப்பீடு பொதுவாக ஒரே தவணையில் ஒரு தொகையைத் தருகிறது. வீட்டை மாற்றியமைத்து, வண்டி வாங்கி, சில ஆண்டு உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்தாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். நீதிமன்றத்துக்குப் போனால் யாரோ ஒருவர் கவனக்குறைவாக நடந்தார் என்று நிறுவ வேண்டும். பெரும்பாலான ரக்பி காயங்களில் விதியை மீறியவர் எவருமில்லை. விலக்கான தீர்ப்புகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. இங்கிலாந்தில் ஓர் இளையோர் ஆட்டத்தில் ஸ்க்ரம் திரும்பத் திரும்பச் சரிந்தும் நடுவர் அதைக் கட்டுப்படுத்தவில்லை. கழுத்து முறிந்த 17 வயது ஹூக்கருக்கு நடுவரே பொறுப்பு என்று 1996இல் தீர்ப்பானது. வேல்ஸில் 1998இல் நடந்த ஆட்டம் ஒன்றில், முன்வரிசையில் ஆடிப் பழக்கமில்லாத ஒருவர் ப்ராப் இடத்துக்கு வந்த பிறகும் தள்ளல் இல்லாத ஸ்க்ரம்முக்கு நடுவர் மாறவில்லை என்பதால், அமெச்சூர் ஆட்டமானாலும் நடுவருக்குக் கடமை உண்டு என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. காயம் நேர்ந்த ஆட்டத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே இரண்டு வழக்கிலும் ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த ஐந்து ஆண்டும் யாராவது வாடகை கொடுக்க வேண்டும். யாருடைய தவறு என்று கேட்காமலே உதவுவதுதான் அறநிதியின் பெரிய பலம்.

இதற்கு மறுமுனையில் இருப்பது நியூசிலாந்து. அங்கே 1974 ஏப்ரல் முதல், விபத்தில் காயமுற்ற எவருக்கும் தவறு யாருடையது என்று பாராமல் அரசு நிறுவனமான ஏ.சி.சி. செலவை ஏற்கிறது, சிகிச்சை, பராமரிப்பாளர், வீட்டு மாற்றம், இழந்த வருமானத்தில் 80 விழுக்காடு என எல்லாமே அதில் அடங்கும். அதற்கு ஈடாக, காயத்துக்கு இழப்பீடு கோரி வழக்குத் தொடரும் உரிமை கிடையாது. இவ்வளவு இருந்தும் அங்கேயும் காயமுற்ற வீரர்களுக்காக ஒரு ரக்பி ஃபவுண்டேஷன் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அரசு தருவது தேவையானவற்றை. படிப்பைத் தொடர்வது, ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போவது, இருபது ஆண்டுக்கு முன் இதே நிலைக்கு வந்த இன்னொருவர் மருத்துவமனைக் கட்டிலருகே வந்து உட்கார்ந்து பேசுவது ஆகியவை எந்த அலுவலகப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. இந்தக் கடைசி உதவியைப் பெரும் தொகைகளுக்கு இணையாக மதிக்கிறேன். மருத்துவர் "இனி நடக்க இயலாது" என்று சொல்லும்போது முடிந்துபோனதாகத் தோன்றும் வாழ்க்கை, அதே காயத்தோடு வேலைக்குப் போகும் ஒருவரைக் கண்ணால் பார்த்த பிறகு வேறாகத் தோன்றுகிறது.

அத்தகைய ஒருவரே தொடங்கிய அமைப்பு மேட் ஹேம்ப்சனுடையது. அவர் இங்கிலாந்தின் லெஸ்டர் டைகர்ஸ் அணியின் ப்ராப். 2005 மார்ச்சில், 20 வயதில், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியின்போது ஸ்க்ரம் சரிந்து கழுத்து நழுவியது. அன்று நடுவராக இருந்த டோனி ஸ்ப்ரெட்பரி தொழிலால் பாராமெடிக், அதாவது அவசர மருத்துவ உதவியாளர். அவர் அங்கேயே மூச்சைக் காத்ததால் ஹேம்ப்சன் பிழைத்தார். அன்றிலிருந்து வென்டிலேட்டரில் வாழ்கிறார். 2011இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை விளையாட்டில் கடுமையாகக் காயமுற்ற இளைஞர்களுக்கு உதவுகிறது. லெஸ்டர்ஷயரில் அவர்களுக்கென்று உடற்பயிற்சிக் கூடத்தோடு கூடிய ஒரு மையத்தையும் நடத்துகிறது. ஆட்டத்தின் ஆளும் அமைப்பு நடத்தும் அறக்கட்டளைக்கும் இத்தகைய தனி அறக்கட்டளைக்கும் உள்ள வேறுபாடு நன்கொடையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னதற்கு நிலையான வருவாயும், எந்த மாவட்டத்தில் காயம் நேர்ந்தாலும் மறுநாளே செய்தி வந்து சேரும் வழியும் உண்டு. பின்னதற்கு, ஆட்டத்தின் விதிகளையும் அதை நடத்துபவர்களையும் குறைகூற வேண்டிய நேரத்தில் வாய் திறக்கும் விடுதலை உண்டு.

அந்த விடுதலை தேவைப்படும் இடம் தலைக்காயம். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன், தமக்கு இளவயது டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாகவும் அந்த இறுதி ஆட்டம் ஆடியதே நினைவில் இல்லை என்றும் 2020 டிசம்பரில் சொன்னார். பழைய அறநிதிகள் பெரும்பாலும் ஒரு நாள், ஓர் ஆட்டம், ஒரு காயம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்த பாதிப்பு அதற்குள் எளிதில் அடங்குவதில்லை. முன்னாள் வீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் சேர்ந்து ஹெட் ஃபார் சேஞ்ச் என்ற புதிய அமைப்பைத் தொடங்கியதன் பின்னணி இதுதான். ரக்பி வீரர்களான ஜூஸ்ட் வான் டெர் வெஸ்தைசன், டோடி வியர், ராப் பரோ ஆகியோரின் பெயர்களோடு வரும், தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் மோட்டார் நியூரான் நோய்க்கான நிதிகள் மற்றொரு வகை. அவை நோய்க்கான ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் உதவுபவை, களத்தில் கழுத்து முறிந்தவருக்கானவை அல்ல; ரக்பி உலகில் அதிகம் பேசப்படுபவை என்பதால் இரண்டையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள்.

நன்கொடையில் ஒரு பகுதியைக் காயத் தடுப்புக்குச் செலவிடலாமா என்று சில அறங்காவலர்கள் தயங்குகிறார்கள். இருக்கிறவர்களுக்கே போதவில்லையே என்பது அவர்கள் வாதம். எண்கள் அவர்களுக்கு எதிராகவே பேசுகின்றன. நியூசிலாந்தில் 1976 முதல் 2005 வரை ரக்பியில் 77 பேருக்கு நிரந்தரச் செயலிழப்பைத் தந்த தண்டுவடக் காயங்கள் நேர்ந்தன. 2001இல் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் கட்டாயப் பாடமாக ரக்பிஸ்மார்ட் திட்டம் வந்தது. பழைய போக்கே தொடர்ந்திருந்தால் அடுத்த ஐந்து ஆண்டில் சுமார் 19 காயங்களை எதிர்பார்த்திருக்கலாம், நேர்ந்தவை 8. ஸ்க்ரம்மில் மட்டும் எதிர்பார்த்தது 9, நேர்ந்தது 1. தென்னாப்பிரிக்காவில் பர்கர் நிதியும் ரக்பி கூட்டமைப்பும் சேர்ந்து 2009இல் பாக்ஸ்மார்ட் என்ற இதே போன்ற திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்த அனுபவம் வழிகாட்டியது.

காயம் நேர்ந்த பிறகும் தடுக்கக்கூடிய இழப்பு ஒன்று உண்டு. கேப்டவுனின் கான்ராடி மருத்துவமனைக்கு ரக்பி ஆடிக் கழுத்து நழுவி வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியானது. முழுச் செயலிழப்போடு இருந்த 32 பேரில், நழுவிய எலும்பு நான்கு மணி நேரத்துக்குள் பழைய இடத்தில் பொருத்தப்பட்டவர்கள் 8 பேர். அவர்களில் 5 பேர் முழுமையாகக் குணமடைந்தனர். நான்கு மணி நேரத்தைக் கடந்து பொருத்தப்பட்ட 24 பேரில் முழுமையாகக் குணமடைந்தவர் ஒருவருமில்லை. சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் இந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகு, களத்தோரம் ஒரு கழுத்துப் பட்டையும் பயிற்சி பெற்ற இருவரும், எந்த மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும் என்ற முன்முடிவும் இல்லாமல் ஆட்டம் நடத்துவதை நியாயப்படுத்த முடியாது. இதற்குச் செலவிடும் பணத்தை அறநிதியின் நோக்கத்திலிருந்து விலகியதாகக் கருதவும் முடியாது.

இனி, பணம் கொடுப்பதைப் பற்றி. ஒரு குறிப்பிட்ட வீரரின் பெயரில் திரட்டும் பணம், இங்கிலாந்துச் சட்டப்படி பொதுவாக அறநிதியாகக் கருதப்படாது. பொதுமக்களில் ஒரு பிரிவினருக்குப் பயன்பட வேண்டும் என்பது அறநிதிக்கு அடிப்படை விதி. ஆகவே அந்தப் பணத்துக்கு அறநிதிகளுக்கான வரிச் சலுகை கிடைக்காது. திரட்டிய தொகை நேரே காயமுற்றவரின் வங்கிக் கணக்கில் விழுந்தால், வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து அரசு தரும் உதவித்தொகை நின்றுபோகவும் கூடும். இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒரு டிரஸ்ட் ஆவணத்தை எழுதி, அறங்காவலர்கள் வைத்துச் செலவிடும்படி ஏற்பாடு செய்கிறார்கள். வெறும் உற்சாகத்தில் திரட்டுபவர்கள் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, ஓராண்டுக்குப் பின் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். எதற்காகத் திரட்டுகிறோம் என்பதை மிகக் குறுக்கி எழுதிவிடுவதும் சிக்கல்தான். "நாற்காலி வாங்க" என்று திரட்டிய பணத்தை, நாற்காலியை அரசே தந்துவிட்டால் வேறு எதற்குச் செலவிடலாம் என்ற கேள்வி எழும். "அவருடைய மறுவாழ்வுக்கும் குடும்பத்தின் தேவைக்கும், எஞ்சியது இதே நிலையிலுள்ள பிற வீரர்களுக்கும்" என்று தொடக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் இது தீரும்.

அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால் ஆண்டறிக்கையில் நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்ப்பது போதாது. வீடுகளுக்கு ஆளை அனுப்பிப் பார்க்கும் அமைப்பின் நிர்வாகச் செலவு கூடுதலாகவே தெரியும்; காசோலையை மட்டும் அனுப்பும் அமைப்புடையது குறைவாகத் தெரியும். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: பதினைந்து ஆண்டுக்கு முன் காயமுற்ற ஒருவருக்குப் போன ஆண்டு என்ன செய்தீர்கள்? 1995 உலகக் கோப்பையில் ஜூன் 3 அன்று, டோங்காவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்த ஐவரி கோஸ்ட் வீரர் மேக்ஸ் பிரிட்டோ, அதன் பிறகு 27 ஆண்டுகள் உயிரோடு இருந்து 2022இல் இறந்தார். 2014இல் ஆஸ்திரேலியாவில் அலெக்ஸ் மெக்கின்னன் காயமுற்றபோது ரக்பி லீக் ஆட்டங்களின் ஒரு சுற்று முழுவதையும் அவர் பெயரில் நடத்தினார்கள். மெக்கின்னனுக்குக் கிடைத்தது போன்ற உடனடி ஆதரவைத் திரட்டத் தெரிந்த அமைப்புகள் பல. பிரிட்டோ வாழ்ந்தது போன்ற நீண்ட ஆண்டுகளுக்கான கணக்கை வைத்திருப்பவை சில. கேள்விக்குப் பெயர் குறிப்பிடாமலாவது திட்டவட்டமான பதில் வந்தால், மாதந்தோறும் சிறு தொகையாகக் கொடுங்கள்; ஒரே முறை கொடுக்கும் பெருந்தொகையைவிட அது அவர்களுக்கு அடுத்த ஆண்டின் பராமரிப்பாளரை இப்போதே உறுதிசெய்ய உதவும்.